பட்டாளத்தைக் கூப்பிடும் முன்: குன்னூர் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் பெட்போர்டு பக்கத்து டீக்கடையில் நீங்கள் வைத்துவிட்டுப் போன மனுவை முழுக்கப் படித்தேன். மாவட்ட ஆட்சியருக்கு எழுதியது, மொத்தம் பன்னிரண்டு கோரிக்கை. ஆறு வரைக்கும் எனக்கு மறுபேச்சு இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, சோலை ஓரமெல்லாம் பாட்டில் உடைந்து கிடக்கிறது, பூட்டிக் கிடக்கும் பங்களாக்களில் திருட்டு, சீசனில் ஆம்புலன்ஸுக்குக்கூட வழியில்லை. எல்லாம் நியாயம். ஏழாவதில் நின்றுவிட்டேன். சீசன் முடியும்வரை பக்கத்து வெலிங்டன் முகாமின் ராணுவ வீரர்களைக் கொண்டு இரவு ரோந்தும் போக்குவரத்து ஒழுங்கும் செய்யவேண்டுமாம். எட்டாவதில் கரடியையும் காட்டுமாட்டையும் விரட்டவும் அவர்களையே கேட்டிருக்கிறீர்கள்.

"நீங்க பட்டாளத்துல இருந்தவரு, மொதக் கையெழுத்து உங்களோடதா இருக்கணும்ணே" என்றார் கடைக்காரர். நான் போடவில்லை. காரணத்தை அங்கேயே நின்று சொல்லியிருப்பேன். டீ ஆறிவிட்டது, பஸ்ஸும் வந்துவிட்டது. அதனால் இந்த மடல்.

இருபத்து நான்கு வருடம் மதராஸ் ரெஜிமென்டில் இருந்தேன். பேரக்ஸ் மைதானத்தில் ரெக்ரூட்டாக ஓடத் தொடங்கியவன், சுபேதாராக ஓய்வு பெற்றேன். பட்டாளத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை எனக்குக் குளிருக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. அதை வேண்டாம் என்று உதறுவேனா? அந்த மரியாதை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெலிங்டனில் எங்கள் ரெஜிமென்டின் பயிற்சி மையமான எம்.ஆர்.சி. மதிலோரமாக நடந்து போகிறவர்களுக்கு எங்கள் முழக்கம் தெரிந்திருக்கும். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" இதைத் தொண்டை கிழியச் சொல்லிப் பழகியவனை லெவல்கிராஸில் நிறுத்தி, "சார், வண்டியக் கொஞ்சம் ஓரமாப் போடுங்க" என்று சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லுவான், ஒரு நாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் குடித்துவிட்டு வந்த ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தால் என்ன செய்வான்? போலீஸ்காரருக்கு அந்த இடத்தில் பத்துப் படி இருக்கிறது. நயமாகப் பேசலாம், அதட்டலாம், சாவியைப் பிடுங்கலாம், பெட்டி கேஸ் போடலாம், ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாம், கடைசியில் லத்தியும் இருக்கிறது. பட்டாளத்துக்காரனுக்குக் கையில் இருப்பது துப்பாக்கி. தடியடி எங்கள் வேலை இல்லை என்பதுதான் எங்களுக்குப் பாடம். படியே இல்லாத ஏணி அது.

சட்டமும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. பொது ஒழுங்கு, காவல் இரண்டும் அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். முதல் இனத்திலேயே ஒரு விலக்கும் உண்டு. குடிமை அதிகாரத்துக்கு உதவியாக முப்படைகளைப் பயன்படுத்துவது மாநிலத்தின் கையில் இல்லை. 1976-ல் வந்த 42-வது திருத்தம் அதை மத்தியப் பட்டியலில் 2ஏ என்று தனியாகவே சேர்த்தது. ஆக, ஆட்சியர் மனது வைத்தாலும் சீசன் முழுக்கப் பட்டாளத்தை ரோந்து விட முடியாது. நீங்கள் தவறான கதவைத் தட்டுகிறீர்கள்.

அவசரத்தில் ஆட்சியரால் ஒன்று முடியும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 149-வது பிரிவைப் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 130. சட்டவிரோதக் கூட்டம் வேறு எந்த வழியிலும் கலையவில்லை, பொதுப் பாதுகாப்புக்காக அதைக் கலைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், மாவட்ட நடுவரான ஆட்சியரோ, அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரோ, அந்த இடத்தில் நின்றுகொண்டு, படை அதிகாரியைக் கேட்கலாம். அதிகாரி கீழ்ப்படிந்தே ஆகவேண்டும். எப்படிச் செய்வது என்பது மட்டும் அவர் முடிவு. அதிலும் கட்டுப்பாடு உண்டு: பலத்தைக் கூடியமட்டும் குறைத்துத்தான் பயன்படுத்த வேண்டும், ஆளுக்கும் பொருளுக்கும் சேதம் குறைவாக இருக்கவேண்டும். நடுவரைத் தொடர்புகொள்ளவே வழியில்லாதபோது படை அதிகாரி தானாக இறங்குவதற்கு 150-வது பிரிவு இடம் தருகிறது. தொடர்பு கிடைத்த பிறகு நடுவர் சொற்படிதான். வாசல் இவ்வளவுதான். இதில் ரோந்து இல்லை, டிராபிக் இல்லை. கரடி இல்லவே இல்லை.

ஏட்டில் இருப்பது களத்தில் எப்படி நடக்கும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில், வடக்கே ஒரு நகரம். பெயர் எதற்கு? கலவரம் என்று எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். லாரியிலிருந்து இறங்கும்போதே கல் விழுகிறது. எங்கள் கேப்டன் ஒரு அடி முன்னே வைக்கவில்லை. பக்கத்தில் நின்ற நடுவர் இளம் வயது, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. எழுத்தில் கொடுத்தால்தான் நாங்கள் நகர்வோம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஜீப் பானட்டில் தாளை வைத்து அவர் எழுதினார். கை நடுக்கத்தில் பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்து விழுந்த பிறகுதான் வெள்ளை நாடாவைத் தரையில் விரித்தோம், இரண்டு மொழியில் எழுதிய எச்சரிக்கைப் பேனரைப் பிடித்தோம், பிகில் ஊதினோம். இந்தக் கோட்டைத் தாண்டினால் சுடுவோம் என்று அர்த்தம். வானத்தைப் பார்த்துச் சுடுவது கிடையாது. சுட்டால் இன்னாரை என்று குறிபார்த்து, இடுப்புக்குக் கீழே, எண்ணி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் காட்டவேண்டும்.

அன்று ஒரு தோட்டாவும் போகவில்லை. எங்களைப் பார்த்துக் கூட்டம் கலைந்தது என்றுதான் அறிக்கையில் இருக்கும். எனக்கு அதில் இன்றும் சந்தேகம் உண்டு. அந்த ஊர் ஸ்டேஷனில் ஒரு வயதான ஏட்டு இருந்தார், தொப்பை, பாதி நரைத்த மீசை. எங்கள் கேப்டனிடம் வந்து, "முன்னால நிக்கிற சிவப்புச் சட்டை, டெய்லர் மகன். அவன் மாமா அந்த வரிசைக் கடைசியில நிக்கிறார். மாமாவக் கூப்பிடுங்க" என்று இந்தியில் சொன்னார். மாமா வந்தார். நாங்கள் துப்பாக்கியோடு நிற்க, அவர் பையனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பின்னால் நின்ற பத்துப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த பிறகு கல்லெறிய யாருக்கும் கை வராது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அங்கே ஊரடங்கில் நின்றேன். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. பால் வாங்கப் போகும் அம்மா யார், பால்கேனில் வேறு எதையோ கொண்டுபோகிறவன் யார், எல்லா முகமும் எனக்கு ஒரே முகம். யாரையும் தெரியாது என்பதால்தான் எங்களை அனுப்பினார்கள். இவன் எந்தப் பக்கமும் இல்லை என்று இரண்டு தரப்பும் நம்பினார்கள். அதே காரணத்தால்தான் எங்களைச் சீக்கிரம் திருப்பியும் அனுப்பினார்கள்.

நம் பக்கத்திலேயே இரண்டு அனுபவமும் இருக்கிறது. 1998 பிப்ரவரி 14-ல் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தபோது ராணுவமும் அதிவிரைவுப் படையும் வந்தன. பட்டாளத்தைத் தெருவில் பார்த்த பிறகுதான் ஜன்னலைத் திறந்தோம் என்று உக்கடம் பக்கத்து உறவுக்காரர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று 1965. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ராணுவம் இறங்கியது. பிப்ரவரியில் பொள்ளாச்சியில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என் மாமனார் பொள்ளாச்சிக்காரர். பெண் கேட்டு நான் போனபோது, பட்டாளத்துக்காரன் என்றதும் அவர் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். இருபது வருடம் கழிந்தும் அந்தக் கிழவிக்கு அந்த உடுப்பு ஆறவில்லை. எந்த ரெஜிமென்ட், யார் ஆர்டர் என்றெல்லாம் அவருக்குக் கணக்கு இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தேர்தல் சமயத்தில் ஊட்டியில் புள்ளிபோட்ட உடுப்போடு கொடி அணிவகுப்பு போகும்போது "மிலிட்டரி வந்திருக்கு" என்று சொல்கிறோம். அது மிலிட்டரி இல்லை. சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் துணை ராணுவம். நாங்கள் பாதுகாப்பு அமைச்சகம். நம் ஊர் ஸ்டேஷனால் முடியாவிட்டால் மாவட்ட ஆயுதப்படை இருக்கிறது, அதற்கு மேல் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, அதற்கும் மேல் துணை ராணுவம். கலவரத்துக்கென்றே பழகிய அதிவிரைவுப் படையின் 105-வது பட்டாலியன் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. இவ்வளவும் கைவிட்ட பிறகு வரவேண்டியது பட்டாளம். நீங்கள் முதல் படியில் நின்றுகொண்டு மொட்டை மாடிக்குக் கை நீட்டுகிறீர்கள்.

கன்டோன்மென்ட்டுக்குள் வசிக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உங்கள் வீட்டில் திருட்டுப் போனால் புகார் எங்கே கொடுக்கிறீர்கள்? வெலிங்டன் காவல் நிலையத்தில். அது தமிழ்நாடு போலீஸ். சிவப்புத் தொப்பி மிலிட்டரி போலீஸ் பிடிப்பது எங்களைத்தான், உங்களை அல்ல. பட்டாளத்தின் சொந்த வாசலிலேயே நிலைமை இது.

2021 டிசம்பர் 8-ஐ நம்மில் யாரும் மறக்கவில்லை. காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் மூடுபனிக்குள் அந்த எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி, கூட வந்தவர்கள் என்று 13 பேர் அன்றே போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-ல் போனார். வெலிங்டனில் படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜில் பேச வந்துகொண்டிருந்தவர்கள், வந்து சேர இன்னும் சில நிமிடம்தான். முதலில் ஓடியது அந்த ஊர் ஜனங்கள். குடத்தில் தண்ணீர், வீட்டுக் கம்பளி, போர்வை. அந்தக் கம்பளியில்தான் ஆட்களைத் தூக்கினார்கள். பிறகு தீயணைப்பு, போலீஸ், பட்டாளம். நன்றி சொல்ல ராணுவம் மறுபடி அந்த ஊருக்கு வந்தது, கம்பளிகள் கொடுத்தது, ஒரு வருடம் மாதாமாதம் மருத்துவ முகாம் நடத்துவதாகச் சொன்னது.

அந்த நாளில் நான் கவனித்தது இன்னொன்று. நாட்டின் மிகப் பெரிய ராணுவ அதிகாரி, விமானப்படையின் ஹெலிகாப்டரில், பட்டாள ஊருக்குப் பக்கத்திலேயே இறந்திருக்கிறார். விமானப்படை தன் விசாரணையை முப்படைக் குழு வைத்து நடத்தியது. ஆனாலும் சந்தேக மரணம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவில் வழக்குப் பதிவு செய்தது மேல் குன்னூர் காவல் நிலையம். நாம் செல்போன் தொலைந்துபோனால் போய் நிற்கும் அதே ஸ்டேஷன். எங்கள் தளபதியின் மரணமே அந்தப் பதிவேட்டில்தான் ஏறியது. பட்டாளத்தில் யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை.

அப்படியானால் பட்டாளத்திடம் எதுவுமே கேட்கக் கூடாதா? கேட்கவேண்டும். சரியானதைக் கேட்கவேண்டும்.

2024 மார்ச்சில் பாரஸ்ட்டேல் பக்கம் காடு நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கிறதா? வனத்துறையும் தீயணைப்புத் துறையும் செங்குத்துச் சரிவில் இலைதழையை வைத்து அடித்து ஓய்ந்துபோனார்கள். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் வந்து, ரேலியா அணையில் பெரிய வாளியை முக்கி எடுத்து நெருப்பின் மேல் ஊற்றியது. என் பேரன் மாடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். அதே ஆண்டு ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணுக்குள் போனது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சாவு. ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் ராத்திரி பகலாக நின்று 190 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் போட்டு, ஆகஸ்ட் 1-ல் வண்டி ஓட விட்டார்கள். பாலம் போட்டது ராணுவம். காணாமல் போனவர் பட்டியல், உடல் அடையாளம், உறவுக்காரரிடம் ஒப்படைப்பது எல்லாம் கேரளப் போலீசும் வருவாய்த் துறையும். யார் எந்த வேலை என்று அந்தச் சேற்றிலும் தெளிவாக இருந்தது.

வெளிநாட்டிலும் இப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள். 2017 மே மாதம் மான்செஸ்டரில் குண்டு வெடித்த பிறகு பிரிட்டனில் சிப்பாய்களைத் தெருவில் இறக்கினார்கள். முக்கியக் கட்டடங்களின் வாசலில் சிப்பாய் காவல் நின்றான், அங்கே நின்றிருந்த ஆயுதப் போலீஸ் ஜனங்களிடையே போனது. கட்டளை போலீசின் கையில். ஆபத்து குறைந்ததும் சிப்பாய்கள் பேரக்ஸுக்குத் திரும்பினார்கள்.

இப்போது நம் மனுவுக்கு வருகிறேன். 2009 நவம்பரில் கேத்தியிலும் குன்னூரிலும் ஊட்டிப் பக்கமும் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. மழைக்கு முன்பே ஒரு குழுவைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு, மறுக்கவில்லை. நிறுத்தாத நாளில் பர்லியார் பாதையும் கோத்தகிரிப் பாதையும் ஒரே ராத்திரியில் துண்டித்துப் போனால், ஆயிரக்கணக்கில் பழகிய கைகள் இருக்கும் ஒரே இடம் வெலிங்டன். அந்தக் கைகளை எவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுவரலாம் என்பதுதான் நம் கேள்வியாக இருக்கவேண்டும்.

அதற்கும் முறை உண்டு. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர்தான் தலைவர். மாநிலம் வழியாக எழுதிக் கேட்பது வழக்கமான வழி. உயிர் போகிற அவசரம் என்றால் பக்கத்துப் படை முகாமையே நேரடியாகக் கேட்கலாம், அதன் தளபதி மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் ஆள் அனுப்பலாம். ஆனால் "ஆள் அனுப்புங்க" என்று போன் போட்டால் போதாது. எந்த இடம், என்ன வேலை, எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள், வழி காட்ட யார் வருவார், யார் சொல்படி வேலை என்று தெரிந்தால்தான் லாரி கிளம்பும். அன்றைக்கு அந்த இளம் நடுவர் கை நடுங்கியது பயத்தால் மட்டும் இல்லை. அதற்கு முன் அவர் அப்படி ஒரு தாளை எழுதியதே இல்லை.

ஆகையால் ஏழாவதை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள். ஜூனுக்கு முன்னும் அக்டோபருக்கு முன்னும் ஆட்சியர் தலைமையில் போலீஸ், தீயணைப்பு, வனத்துறை, வெலிங்டன் முகாம் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் ஒத்திகை நடத்தவேண்டும், காகிதம் எழுதுவதில் இருந்து லாரி வந்து நிற்பது வரை. ஆறு தாலுகாவிலும் நடுவர் அதிகாரம் உள்ளவர்களுக்கு அந்தப் பயிற்சி வேண்டும். ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய மைதானங்களை முன்கூட்டியே பார்த்துவைக்கவேண்டும், சீசன் கடைகளை அங்கே விடக் கூடாது. வெளி மாநிலச் சிப்பாய்களோடு போக, பாதை தெரிந்த, தமிழும் படுகும் பேசுகிற உள்ளூர் ஆட்களின் பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்கட்டும். என் பெயரை அதில் முதலில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால்தான் வலிக்கும், வாய் நன்றாக இருக்கிறது. 1077 என்ற கட்டுப்பாட்டு அறை எண்ணை எல்லா டீக்கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

ரோந்துக்கு? போலீசைக் கேளுங்கள், அழுத்தமாகக் கேளுங்கள். இரவு பீட்டுக்கு எத்தனை பேர், ஒரு ஏட்டு எத்தனை கிலோமீட்டர் சுற்றுகிறார், சீசனில் வெளி மாவட்டத்திலிருந்து வருகிற போலீசார் எங்கே தூங்குகிறார்கள், இதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். போன சீசனில் ஒரு கான்ஸ்டபிள் பெண் சிம்ஸ் பூங்கா வாசலில் மழையில் நனைந்துகொண்டே பத்து மணி நேரம் நின்றதை நான் பார்த்தேன். குடைகூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு மழைக்கோட்டும், மாற்றிவிட இன்னொரு ஆளும் கிடைத்தால் உங்கள் ஏழாவது கோரிக்கையில் பாதி தீர்ந்தது. எட்டாவது வனத்துறைக்குப் போகட்டும். கரடிக்குப் பிகில் ஊதினால் கேட்காது.

மனுவை டீக்கடையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அழித்துக்கொள்ளலாம். திருத்தி எழுதினால் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து முதல் கையெழுத்துப் போடுகிறேன். பேனாவை மட்டும் மாற்றிவையுங்கள். நூலில் கட்டியிருந்தது எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர்,
குன்னூர்